சிறுவர் நீதியும் சேரிப் பிள்ளைகளும்

(மதுரையில் நடந்த கருத்தரங்கு ஒன்றில் வழக்குரைஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீதிபதி சந்துருவின் குழந்தைநலப் பணி பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். ஒரு நீதிபதியைப் பற்றிப் பேச நமக்கு என்னப்பா இருக்கு என்று ரெண்டு தோழர்கள் வழியிலேயே கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். நம்ம சனங்க கோர்ட்டைப் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் கூண்டுக்குள்ளே நின்னுதான். நீதிமான்களுக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறது நம்ம வேலையும் இல்ல. ஆனாலும் இந்த மனுசன் எழுதிக் கொடுத்த இரண்டு அறிக்கைகள் இருக்கின்றன. ஒன்று 2023ல், இன்னொன்று 2024ல். ரெண்டுமே பிள்ளைகளைப் பற்றியவை. அரசாங்கம் கேட்டு வாங்கியவை. இந்த ரெண்டையும் நம்ம தெருவிலிருந்து நாம வாசிக்கலைன்னா வேற யாரும் நமக்காக வாசிக்கப் போவதில்லை.

முதலில் ஒரு விளக்கம். சந்துரு சிறுவர் நீதிமன்றத்தில் உட்கார்ந்த நடுவர் இல்லை. 1976ல் வழக்குரைஞரானவர். தொழிற்சங்க வழக்கு, மனித உரிமை வழக்கு என்று நடத்தியவர். 2006 ஜூலையில் உயர்நீதிமன்ற நீதிபதி ஆனார், 2013 மார்ச்சில் ஓய்வு பெற்றார். இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழ 96,000 வழக்குகளை முடித்தார் என்று கணக்குச் சொல்வார்கள். என்னை 'மை லார்ட்' என்று கூப்பிடாதீர்கள் என்றார். வழியனுப்பு விழா வேண்டாம் என்று சொல்லி, அரசுக் காரை ஒப்படைத்துவிட்டு மின்சார ரயில் ஏறி வீட்டுக்குப் போனார். இதையெல்லாம் பத்திரிகைக்காரர்கள் பெரிசாக எழுதினார்கள். எழுதட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சத்துணவுக் கூட வேலை நியமனத்தில் இடஒதுக்கீடு வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னாரே, அது. சேரிப் பொம்பளை ஆக்கிய சோற்றை எல்லாச் சாதிப் பிள்ளையும் ஒரே பந்தியில் உட்கார்ந்து திங்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்புக்குள்ளே இருக்கிற சேதி. அது எவ்வளவு கசந்தது என்பதற்கு 2018 ஜூலையில் அவிநாசிப் பக்கம் நடந்தது சாட்சி. ஒரு தலித் சமையலர் பள்ளிக்கூடத்தில் சமைக்கக் கூடாது என்று ஊரே திரண்டு வந்து நின்றது. அதிகாரிகள் முதலில் செய்த காரியம் என்ன? அந்த அம்மாவை இடமாற்றம் செய்ததுதான். எதிர்ப்புக் கிளம்பின பிறகுதான் உத்தரவை வாபஸ் வாங்கினார்கள்.

நம்ம மதுரைக்காரங்களுக்கு இன்னொரு தீர்ப்பும் ஞாபகம் இருக்கும். உசிலம்பட்டிப் பக்கம் அம்மன் கோயிலில் பெண் பூசாரியாக இருக்கக் கூடாது என்று கிளப்பினபோது, எந்தச் சட்டத்தில் அப்படி எழுதியிருக்கு என்று 2008ல் இதே மதுரைக் கிளையில் கேட்டவர் அவர். அம்பேத்கரைப் படித்ததால் எழுத முடிந்த தீர்ப்புகள் இவை என்று பின்னால் ஒரு புத்தகமே போட்டார். சரி, ஆளைப் பற்றி இது போதும்.

இப்ப விசயத்துக்கு வருவோம். 1920ஆம் வருசத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருசம்தான் சென்னை மாகாணத்தில் குழந்தைகள் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே முதலாவது. வங்காளத்தில் 1922, பம்பாயில் 1924. குற்றம் செய்த பிள்ளையைப் பெரியவனோடு சேர்த்து ஜெயிலில் போடாதே, தனியா விசாரி, தனியா வை என்றது அந்தச் சட்டம். அதே 1920ல், ஏப்ரல் 3ஆம் தேதி, இங்கிருந்து மேற்கே பெருங்காமநல்லூரில் என்ன நடந்தது? குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பிரமலைக் கள்ளர் சனங்களைப் போலீஸ் சுட்டது. பதினைந்து பேருக்கு மேல் செத்தார்கள். அதில் ஒரு பெண்ணும் உண்டு. அந்தச் சட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தின குடும்பத்தின் குழந்தைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் கூடத்தில் அடைத்து வைக்கலாம் என்று. பிள்ளை ஒரு தப்பும் செய்திருக்க வேண்டாம். பிறந்ததே போதும்.

ஆக, ஒரே அரசாங்கம், ஒரே வருசம், ஒரு கையால் குழந்தைக்குக் கருணை, இன்னொரு கையால் துப்பாக்கி. அன்னைக்கு அடிபட்ட சாதியே இன்னைக்குப் பல ஊரில் நம்மை அடிக்கிற சாதியாக இருக்கிறது. பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் பத்து வருசம் தலித் ஒருவரைத் தலைவர் நாற்காலியில் உட்கார விடாமல் 2006 வரை இழுத்தடித்ததை நாம் மறக்கவில்லை. அதற்காகப் பெருங்காமநல்லூரை மறுக்க வேண்டிய அவசியமும் நமக்கு இல்லை. பிறப்பை வைத்துக் குழந்தையைக் குற்றவாளி ஆக்குகிற புத்தி எங்கே இருந்து வந்தது என்று பார்க்கணும், அதுக்குத்தான் சொல்றேன். குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947ல் ஒழிந்தது, நாடு முழுக்க 1952ல். போலீஸ் ஸ்டேசனில் அது ஒழிஞ்சுதா என்று நம்ம பசங்களைக் கேட்டால் தெரியும். சந்துரு வழக்குரைஞராக இருந்தபோது நடத்திய ராஜாக்கண்ணு வழக்கு 1993ல் நடந்த சம்பவம். 'ஜெய் பீம்' படத்தில் இருளர் என்று காட்டினார்கள். நிஜத்தில் அவர்கள் குறவர் குடும்பம். நகை திருடினான் என்று பிடித்துப் போனவன் திரும்பி வரவில்லை. திருடன் யார் என்று போலீசுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது, சாதியை வைத்து.

சிறுவர் நீதிமன்றம் என்ற ஏற்பாடு உலகத்தில் முதலில் தோன்றியது 1899ல், அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில். நீதிபதி தகப்பன் மாதிரி, வாதம் பிரதிவாதம் வேண்டாம், வக்கீல் வேண்டாம், பிள்ளைக்கு எது நல்லது என்று அவரே பார்த்துச் செய்வார் என்பது ஆரம்ப காலத்துக் கொள்கை. டென்வர் நகரத்து பென் லிண்ட்சே போன்ற நீதிபதிகள் பையன்களோடு சரிக்குச் சமமாக உட்கார்ந்து பேசிப் புகழ் பெற்றார்கள். கேட்க இனிப்பாத்தான் இருக்கு. ஆனால் 1964ல் அரிசோனாவில் என்ன ஆச்சு? பதினைந்து வயசுப் பையன். போனில் ஆபாசமாகப் பேசினான் என்று புகார். வக்கீல் கிடையாது, புகார் கொடுத்த அம்மாவைக் கோர்ட்டுக்குக் கூப்பிடவே இல்லை. இருபத்தொரு வயது வரை சீர்திருத்தப் பள்ளி என்று நீதிபதி அனுப்பிவிட்டார். இதையே ஒரு பெரியவன் செய்திருந்தால் சின்ன அபராதம் அல்லது ரெண்டு மாசம். 1967ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் சொன்னது: குழந்தைக்கும் வக்கீல் வேண்டும், என்ன குற்றச்சாட்டு என்று சொல்ல வேண்டும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய உரிமை வேண்டும்.

தகப்பன் மாதிரி நீதிபதி என்ற பேச்சு நமக்குப் புதுசா? பண்ணையாரும் நம்மகிட்ட அதைத்தானே சொன்னான். நான் உனக்குத் தகப்பன் மாதிரிடா என்று. அதனால்தான் நல்ல நீதிபதி கிடைத்துவிட்டார், இனி கவலையில்லை என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. நல்லவர் ஓய்வு பெறுவார், மாற்றலாகிப் போவார். எழுதி வைத்த உரிமைதான் நாளைக்கும் கையில் இருக்கும்.

எழுதி வைத்ததைப் பார்ப்போம். 1986ல் ஒரு சட்டம், 2000ல் ஒரு சட்டம், இப்போது நடப்பில் இருப்பது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். 2016 ஜனவரியில் அமலுக்கு வந்தது. பதினெட்டு வயது முடியாத பிள்ளையைப் போலீஸ் பிடித்தால் லாக்கப்பில் வைக்கக் கூடாது, ஜெயிலுக்கும் அனுப்பக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் நிறுத்த வேண்டும். குழுமம் என்றால் ஒரு நீதித்துறை நடுவர், இரண்டு சமூகப் பணியாளர், அந்த ரெண்டு பேரில் ஒருவராவது பெண். விலங்கு மாட்டக் கூடாது. விதிகளின்படி இன்னொன்று உண்டு, தாய்மார்கள் கவனமாகக் கேட்டுக்குங்க: ஏழு வருசத்துக்குக் குறையாத தண்டனை உள்ள கொடுங்குற்றமாகவோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றமாகவோ இருந்தால் ஒழிய, சிறுவன் மேல் எஃப்.ஐ.ஆரே போடக் கூடாது. பொது நாட்குறிப்பில் எழுதி, அவன் சமூகப் பின்னணி பற்றி ஓர் அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்பணும், அவ்வளவுதான். செல்போன் திருட்டு, சைக்கிள் திருட்டு, பேட்டரி திருட்டு எல்லாம் இந்த வகைதான். விசாரணையை நாலு மாசத்தில் முடிக்க வேண்டும். மேலும் ரெண்டு மாசம் நீட்டலாம். சின்னக் குற்றமாக இருந்து அப்பவும் முடியலைன்னா வழக்கே கைவிடப்பட்டதாக ஆகிவிடும்.

ஜாமீன்? பிணையாள் இருந்தாலும் இல்லாட்டியும் விடணும் என்பதுதான் சட்டம். மூணு விதிவிலக்கு இருக்கிறது. குற்றவாளிகளோடு சேர்க்கை ஏற்படும் என்றோ, பிள்ளைக்கு ஒழுக்க ரீதியாக, உடல் ரீதியாக, மன ரீதியாக ஆபத்து என்றோ, நீதியின் நோக்கம் கெடும் என்றோ தோன்றினால் மறுக்கலாம். இந்த விதிவிலக்குக்குள்ளேதான் சேரி மாட்டிக்கிடுது. நன்னடத்தை அலுவலர் ஒரு படிவம் எழுதுவார். குடும்பம், வருமானம், அக்கம்பக்கம், கூட்டாளிகள், பழக்கவழக்கம். அக்கம்பக்கம் என்ற கட்டத்தில் மேலவாசல் என்றோ கரும்பாலை என்றோ எழுதின உடனேயே பாதிப் படிவம் நிரம்பிப் போகும். தகப்பன் துப்புரவுத் தொழிலாளி, குடிப்பார். தாய் வீட்டு வேலை, பகலில் வீட்டில் இருப்பதில்லை. கண்காணிப்பு இல்லை. பிள்ளை இல்லத்தில் இருப்பதே நல்லது. முடிஞ்சது. அண்ணா நகர்ப் பையனுக்கும் தாய் தகப்பன் ரெண்டு பேரும் வேலைக்குத்தானே போறாங்க? அங்கே அது கண்காணிப்புக் குறைவாகாது, டபுள் இன்கம் ஆகும்.

அப்படி எழுதுகிற அலுவலர் எல்லாரும் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சில பேர் சேரிக்குள்ளே வந்து, தாயோடு திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்து எழுதியதையும் பார்த்திருக்கேன். அந்தப் பசங்க வீட்டுக்கு வந்திருக்காங்க.

செங்கல்பட்டுக்கு வருகிறேன். வெள்ளைக்காரன் காலத்திலேயே அங்கே சீர்திருத்தப் பள்ளி இருந்தது. சீர்திருத்தப் பள்ளி என்றார்கள், அப்புறம் அங்கீகரிக்கப்பட்ட பள்ளி என்றார்கள், இப்போது கூர்நோக்கு இல்லம், சிறப்பு இல்லம். பேரு மாறிக்கிட்டே இருக்கு, பூட்டு மாறல. 2022 டிசம்பர் கடைசியில் பதினேழு வயசுப் பையன் ஒருவனைத் திருட்டு வழக்கில் பிடித்துச் செங்கல்பட்டுக் கூர்நோக்கு இல்லத்தில் விட்டார்கள். டிசம்பர் 31ஆம் தேதி செத்துப்போனான். உடம்பு சரியில்லாமல் போனது என்பது முதலில் சொன்ன கதை. பிரேதப் பரிசோதனையில் உடம்பெல்லாம் காயம் என்று தெரிந்தது. இல்லத்து ஊழியர்கள் ஆறு பேரைக் கைது செய்தார்கள். அவன் தாய் விடாமல் நின்றதால்தான் இவ்வளவும் வெளியே வந்தது. பேர் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது என்று சட்டத்தின் 74ஆம் பிரிவு இருக்கிறது. போஸ்டர் அடிக்கிற நம்ம தோழர்களும் அதை மனசில் வைக்கணும்.

இதற்குப் பிறகுதான் 2023ல் இல்லங்களை எல்லாம் ஆராயச் சொல்லிச் சந்துருவை ஒருநபர் குழுவாகப் போட்டார்கள். நவம்பரில் முதல்வரிடம் அறிக்கை கொடுத்தார். அதில் மையமான யோசனை, இந்த இல்லங்களை நிர்வகிக்கத் தனியாக ஓர் இயக்ககம் வேண்டும் என்பது. இது வெறும் நிர்வாக விசயம் என்று தோன்றும். யோசித்துப் பாருங்க. இந்த இல்லத்தில் இருக்கிற பிள்ளைக்கு ஓட்டு இல்லை, சங்கம் இல்லை, தாய் வந்தால் வாசலோடு சரி. நாள் முழுக்க அவனையே நினைக்கிற ஓர் அதிகாரி கோட்டையில் இல்லாவிட்டால் இரவில் கண்காணிப்பாளன் கையில் இருக்கிற கம்புதான் சட்டம்.

தில்லியிலும் இந்தத் திசையில் ஒரு நீதிபதி வேலை செய்தார், மதன் லோகூர். உச்சநீதிமன்றத்தின் சிறுவர் நீதிக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். நம்ம மாமல்லபுரத்தில் ஒரு அனாதை இல்லத்தில் நடந்த கொடுமை பற்றி 2007ல் வந்த பத்திரிகைச் செய்தியும் ஒரு கடிதமுமே வழக்காக மாறி, பத்து வருசம் கழித்து 2017 மே மாதம் தீர்ப்பானது. நாட்டில் இருக்கிற எல்லாக் குழந்தை இல்லத்தையும் பதிவு செய், ஆய்வுக்குழு போடு, சமூகத் தணிக்கை செய் என்று உத்தரவு. 2018 பிப்ரவரியில் இன்னொரு தீர்ப்பில், குழுமங்களிலும் குழந்தைகள் நலக் குழுக்களிலும் காலி இடத்தை நிரப்பச் சொன்னார். அதற்குப் பிறகும் 2021 ஜூனில் இதே மதுரையில், தனியார் காப்பகம் ஒன்றில் இருந்த ரெண்டு குழந்தைகள் கொரோனாவில் செத்ததாகக் காகிதம் தயார் செய்து விற்றதாக வழக்கு வந்ததே, மறந்துட்டோமா? காகிதத்தில் புதைத்த குழந்தைகளை உயிரோடு மீட்டார்கள். தீர்ப்பு ஒரு பக்கம் போகுது, ஊர் ஒரு பக்கம் போகுது.

இரண்டாவது அறிக்கை. இதுதான் நம்மைப் பிடித்து உலுக்குவது. 2023 ஆகஸ்டு 9ஆம் தேதி நாங்குநேரி. பிளஸ் டூ படிக்கிற தலித் மாணவன் வீட்டுக்குள்ளே அவன் பள்ளிக்கூடத்துப் பையன்களே அரிவாளோடு புகுந்தார்கள். தடுக்க வந்த தங்கச்சியையும் வெட்டினார்கள். ஏன்? அவன் நன்றாகப் படித்தான், தன்னைத் துன்புறுத்தியதை வாத்தியாரிடம் சொன்னான். அந்தத் தம்பி பிழைத்து, படித்து, தேறினான், அது அவனுடைய வீரம்.

வெட்டினவர்களும் பதினெட்டு வயசு ஆகாதவர்கள். இங்கேதான் நமக்குள் சண்டை வருகிறது. அவன்களைப் பெரியவன் மாதிரி விசாரிச்சு உள்ளே தள்ளணும் என்று நம்ம கூட்டங்களிலேயே பேசினார்கள். 2015 சட்டம் அதற்கு ஒரு வழியும் வைத்திருக்கிறது. பதினாறு முடிந்தவன் கொடுங்குற்றம் செய்தால், குழுமம் ஆராய்ந்து பார்த்து வயது வந்தவனைப் போல விசாரிக்க அனுப்பலாம். 2012 தில்லி சம்பவத்துக்குப் பிறகு கிளம்பின கோபத்தில் நுழைத்த பிரிவு அது.

நான் அதை ஏற்கவில்லை. கோபம் எனக்கும் உண்டு. அந்த வீட்டு வாசல்படி ரத்தத்தை டி.வி.யில் பார்த்து ரெண்டு நாள் சோறு இறங்கல. ஆனால் அந்தக் கதவைத் திறந்துவிட்டால் அதுக்குள்ளே முதல்ல தள்ளப்படுறது எந்தத் தெருப் பையன்? நாங்குநேரிப் பையன்களுக்குப் பின்னால் சாதிச் சங்கம் இருக்கு, வக்கீல் இருக்கு. கரும்பாலைப் பையனுக்கு யாரு இருக்கா? சிறுவர் சட்டம் நமக்கு மட்டும் வேணும், எதிரிக்கு வேணாம் என்று கேட்க முடியாது. பதினேழு வயசுப் பயல் கையில் அரிவாள் தானா முளைக்கல. கொடுத்த பெரியவன் இருக்கான். அவன் கையில் சாதிக்கயிறு கட்டிவிட்டவன் இருக்கான். குருபூசைக்கு வேனில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனவன் இருக்கான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அவர்களைத் தேடிப் பிடி என்று கேட்டால் அதில் அர்த்தம் இருக்கு. இதில் என்னோடு உடன்படாத தோழர்கள் இங்கே இருக்காங்க. கூட்டம் முடிஞ்ச பிறகு திட்டுங்க.

சந்துருவின் 2024 ஜூன் அறிக்கை இந்த இடத்தில்தான் கை வைத்தது. சுமார் அறுநூறு பக்கம். கைக்கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் பள்ளியில் கூடாது. வருகைப் பதிவேட்டில் பிள்ளையின் சாதி தெரியக் கூடாது. தலைமையாசிரியரைக் குறிப்பிட்ட காலத்தில் மாற்று, அந்தப் பகுதியின் ஆதிக்க சாதியைச் சேர்ந்தவரையே அங்கே போடாதே. பெரிய பள்ளிகளுக்குத் தனியாக நல அலுவலர் போடு. எல்லாவற்றையும்விட மேலே, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்று சாதிப் பெயரில் தனித்தனியாக நடப்பதை எல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவா, பெயரில் இருக்கிற சாதியை எடு என்றார்.

மதுரை, தேனி, திண்டுக்கல் மூணு மாவட்டத்தில் ஏறத்தாழ முந்நூறு கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இருக்கின்றன. 1920க்குப் பிறகு, துப்பாக்கிக்குப் பின்னாலேயே வந்த பள்ளிக்கூடங்கள் அவை. எங்க ரத்தத்தில் வாங்கினது, விடமாட்டோம் என்று கொடி பிடித்தார்கள். அவங்க தரப்பில் ஒரு வரலாறு இருக்கு, ஒத்துக்கிறேன். நம்ம பக்கமும் சில தோழர்களுக்கு ஆதிதிராவிடர் நலப் பள்ளியை விட மனசில்லை. அந்தத் துறையின் நிதியும் ஆசிரியர் பணியிடமும் பொதுவில் போய்க் கரைந்துவிடும் என்ற பயம். அது வெறும் பயமில்லை. பெயரை எடுப்பதற்கு முன்னால் பணத்துக்கும் பணியிடத்துக்கும் உத்தரவாதம் எழுத்தில் கொடு என்று கேட்கணும். 2025 ஜூலையில் விடுதிகளுக்குச் 'சமூக நீதி விடுதி' என்று போர்டு மாற்றினார்கள். போர்டு மாறினது நல்லதுதான். உள்ளே போய்க் கக்கூசுக் கதவு இருக்கா என்று நம்ம பசங்களைக் கேட்டுச் சொல்லுங்க.

நேரம் ஆகிவிட்டது, சீட்டு வந்துவிட்டது. ஒரே ஒரு காரியம் சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன்.

இவ்வளவு சட்டமும் ஒரு தேதியில் தொங்குகிறது. பையனுக்குப் பதினெட்டு ஆச்சா இல்லையா. அதை எப்படி முடிவு செய்ய வேண்டும் என்று 94ஆம் பிரிவு வரிசை சொல்கிறது. முதலில் பள்ளிக்கூடத்துப் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லைன்னா மாநகராட்சியோ நகராட்சியோ பஞ்சாயத்தோ கொடுத்த பிறப்புச் சான்று. ரெண்டுமே இல்லைன்னாத்தான் எலும்புப் பரிசோதனை. அதில் ஒண்ணு ரெண்டு வயசு முன்னே பின்னே வரும். நம்ம பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் குத்துமதிப்பாகத் தேதி போட்டார். அஞ்சு வயசு ஆகலைன்னா சேர்க்க முடியாது என்று சொன்னதால் நாமளும் ஒரு வயசு கூட்டிச் சொன்னோம். நான் நடத்தின ஒரு வழக்கில் அந்த ஒரு வயசுதான் பையனை ஸ்டேசனிலிருந்து நேரே சப்-ஜெயிலுக்கு அனுப்பியது. தாயிடம் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது, டிரங்குப் பெட்டிக்கு அடியில், மழையில் நனைந்து மை கரைந்து. அதைப் பிடித்து, மாநகராட்சிப் பதிவேட்டில் தேடி எடுத்து, அவனை வெளியே கொண்டுவர நாற்பத்தோரு நாள் ஆனது. குற்றம் நடந்த அன்றைக்கு வயசு என்ன என்பதுதான் கணக்கு, வழக்கின் எந்தக் கட்டத்திலும் இதை எழுப்பலாம் என்று சட்டம் சொல்வதால்தான் அதுவும் முடிந்தது.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் முன்னால் பிள்ளையின் பிறப்புச் சான்றையும் பள்ளிச் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ரெண்டு தேதியும் ஒண்ணா இருக்கா? இல்லைன்னா வெளியே மேசையில் தோழர்கள் உட்கார்ந்திருக்காங்க, மனு எழுதித் தருவாங்க. நகல் ரெண்டு எடுத்து, ஒண்ணை உங்க வீட்டில் வைக்காமல் மழை ஒழுகாத வேற வீட்டில் கொடுத்து வையுங்க.